கலவைப் பானங்களில் சிங்கிள் மால்ட் விஸ்கி

சிங்கிள் மால்ட் விஸ்கி என்பது முளைகட்டிய பார்லியை மட்டும் மூலப்பொருளாகக் கொண்டு, ஒரே வடிசாலையில், செம்பு வாலைகளில் வடிக்கப்படும் விஸ்கி ஆகும். இதன் தாயகம் ஸ்காட்லாந்து. காக்டெயில் எனப்படும் கலவைப் பானங்களில் இவ்விஸ்கியைச் சேர்ப்பது தகுமா என்னும் விவாதம் மதுவகைகள் பற்றி எழுதுவோரிடையே நெடுநாளாக நடந்து வருகிறது. பல ஆண்டுகள் பீப்பாயில் முதிர்ந்த ஒரு மதுவில் எலுமிச்சைச் சாற்றையும் சர்க்கரைப் பாகையும் ஊற்றுவது, அதைச் செய்தவர்களின் உழைப்பை அவமதிப்பது என்பது ஒரு தரப்பு. மால்ட் விஸ்கி தொடக்கம் முதலே கலந்து குடிக்கப்பட்டதுதான் என்பது மறுதரப்பு. வரலாற்றுச் சான்றுகளைப் பார்த்தால் இரண்டாம் தரப்புக்கே வலு அதிகம். மால்ட்டைத் தனியாகக் குடிப்பதே முறை என்னும் எண்ணம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் வேரூன்றியது. கலந்து குடித்த வழக்கமோ அதற்கு மிக முந்தியது.

பெயரும் விதியும்

'சிங்கிள்' என்ற சொல் பலரையும் குழப்புவது. அது ஒரே பீப்பாயையோ ஒரே ஆண்டையோ குறிப்பதில்லை. ஒரே வடிசாலை என்பதையே குறிக்கிறது. அந்த வடிசாலைக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான பீப்பாய்களின் விஸ்கியை ஒன்றாகக் கலந்து புட்டியில் அடைத்தாலும் அது சிங்கிள் மால்ட்தான். ஆகவே கலத்தல் என்ற செயல் இந்த மதுவுக்கு அந்நியமானது அன்று. புட்டிக்குள் போகும் முன்பே அது நடந்துவிடுகிறது.

2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குவிதிகள் ஸ்காட்ச்சை ஐந்து வகைகளாகப் பிரிக்கின்றன. அவை சிங்கிள் மால்ட், சிங்கிள் கிரெயின், பிளெண்டட் மால்ட், பிளெண்டட் கிரெயின், பிளெண்டட் என்பன. எவ்வகையாயினும் 700 லிட்டருக்கு மிகாத ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் ஸ்காட்லாந்திலேயே இருந்திருக்க வேண்டும். புட்டியில் மதுச்சாரம் 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. புட்டிக்குள் எது இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் நுணுக்கமாகச் சொல்கிறது. கோப்பைக்குள் அதோடு எது சேர வேண்டும் என்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

காக்டெயில் வருவதற்கு முன்

ஸ்காட்லாந்தில் மால்ட்டிலிருந்து மது வடிக்கப்பட்டதற்கான முதல் எழுத்துச் சான்று 1494ஆம் ஆண்டின் அரசுக் கணக்கேட்டில் உள்ளது. மன்னர் நான்காம் ஜேம்ஸின் ஆணைப்படி, ஜான் கார் என்ற கிறித்தவத் துறவிக்கு 'அக்வா விட்டே' செய்வதற்காக எட்டு போல் அளவு மால்ட் வழங்கப்பட்டதாக அக்குறிப்பு கூறுகிறது. போல் என்பது அக்காலத் தானிய அளவை. அக்வா விட்டே என்னும் இலத்தீன் தொடருக்கு உயிர்நீர் என்பது பொருள். அதன் கேலிக் மொழிபெயர்ப்பான 'உஷ்கே பாஹா' என்பதன் முதற்சொல்லே திரிந்து விஸ்கி ஆயிற்று.

அந்த உயிர்நீர் இன்றைய விஸ்கி போன்றதன்று. வாலையிலிருந்து இறங்கிய சூட்டோடு, நிறமின்றி, கரகரப்பாகவே அது குடிக்கப்பட்டது. பிரிட்டனில் விஸ்கியைக் குறிப்பிட்ட காலம் முதிர வைத்தே விற்க வேண்டும் என்ற சட்டம் 1915இல்தான் வந்தது. முதலில் 2 ஆண்டுகள் என்றும் மறு ஆண்டே 3 ஆண்டுகள் என்றும் வரையறுக்கப்பட்டது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் புதுச்சாராயத்தின் காரத்தைத் தணிக்க ஏதேனும் ஒன்றைச் சேர்ப்பது இயல்பான செயலாக இருந்தது. ஃபைன்ஸ் மோரிசன் என்ற ஆங்கிலப் பயணி 1617இல் வெளியிட்ட நூலில், அயர்லாந்து மக்களின் உயிர்நீரில் உலர்திராட்சையும் பெருஞ்சீரகமும் சேர்க்கப்படுவதைப் பாராட்டி எழுதியிருக்கிறார். ஸ்காட்லாந்தின் அத்தோல் பிரோஸ் என்ற பானம் விஸ்கி, தேன், ஓட்ஸ் ஊறிய நீர் ஆகியவற்றால் ஆனது. 1475இல் அத்தோல் பிரபு தம் எதிரி நீரருந்தும் கிணற்றில் இக்கலவையை நிரப்பி, அவன் மயங்கியபின் சிறைபிடித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை எப்படியிருப்பினும் பானம் பழையது.

18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து வீடுகளில் பரவலாக இருந்தது டாடி. விஸ்கியில் வெந்நீரும் சர்க்கரையும் சேர்த்துச் செய்வது. இதற்கென்றே நீண்ட காம்புடைய சிறு வெள்ளிக் கரண்டிகள் செய்யப்பட்டன. இந்தப் பெயரில் தமிழ் வாசகருக்கு ஒரு வியப்பு உண்டு. 'டாடி' என்ற ஆங்கிலச் சொல் இந்தியில் பனையைக் குறிக்கும் 'தாட்' என்பதிலிருந்து பிறந்த 'தாடி', அதாவது பனங்கள் என்னும் சொல்லின் திரிபு. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் கள்ளுக்குக் கொடுத்த பெயர், கடல் கடந்து சென்று குளிர்நாட்டு வெந்நீர்ப் பானத்தின் பெயராயிற்று. 'பஞ்ச்' என்ற கலவைப் பானத்தின் பெயரும் ஐந்து என்னும் பொருளுடைய இந்திய மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, நீர், நறுமணப் பொருள் என ஐந்தும் சேர்ந்தது பஞ்ச். இப்பெயர் எழுத்தில் காணப்படும் மிகப் பழைய சான்று, கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் 1632இல் எழுதிய கடிதமாகும்.

ஜெர்ரி தாமஸின் நூல்

காக்டெயில் என்பதற்கு அச்சில் வந்த முதல் விளக்கம், நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் வெளியான ஓர் இதழில் 1806 மே 13 அன்று இடம்பெற்றது. ஏதேனும் ஒரு சாராயம், சர்க்கரை, நீர், பிட்டர்ஸ் எனப்படும் கசப்புச் சாறு ஆகிய நான்கும் சேர்ந்தது காக்டெயில் என அது வரையறுத்தது. எந்தச் சாராயம் என்று கட்டுப்படுத்தவில்லை.

இவ்வகைப் பானங்களுக்கான முதல் அமெரிக்கச் செய்முறை நூலை 1862இல் வெளியிட்டவர் ஜெர்ரி தாமஸ். மதுக்கூடப் பணியாளராக இருந்து புகழ்பெற்றவர் அவர். இன்றைய விவாதத்திற்கு நேரடியாகப் பயன்படும் சான்று இந்நூலில் கிடைக்கிறது. ஸ்காட்ச் விஸ்கி பஞ்ச் பற்றிய பகுதியில், எலுமிச்சைத் தோலின் மஞ்சள் பகுதியை மெல்லியதாகச் சீவி விஸ்கியில் ஊற வைக்கவேண்டும் என்றும், அந்த விஸ்கி கிளென்லிவெட் அல்லது ஐலா வகையில் மிகச் சிறந்ததாக இருக்கவேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. சர்க்கரையைக் கொதிநீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். அளவு மட்டும் தரப்படவில்லை. இதற்கு மேதைமை வேண்டும், அளவு சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று வேடிக்கையாக முடிகிறது குறிப்பு.

கிளென்லிவெட் என்பது ஸ்பே ஆற்றுப் படுகையைச் சேர்ந்த பள்ளத்தாக்கு. கள்ளச்சாராயத்திற்குப் பேர்போன அந்த இடத்தில், 1823ஆம் ஆண்டின் கலால் சட்டத்திற்குப் பிறகு, 1824இல் ஜார்ஜ் ஸ்மித் முறையான உரிமம் பெற்றார். சட்டத்தை ஏற்ற அவரை அண்டை வீட்டுக் கள்ளவடிப்பாளர்கள் மிரட்டியதால் இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கிகளோடு நடமாடினார் என்பர். ஐலா மேற்குக் கடலோரத் தீவு. மரம் அரிதான அங்கே, சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் பீட் என்ற மண்கரியை எரித்துப் பார்லியை உலர்த்தினர். அப்புகை விஸ்கியில் நிலைத்தது. தாமஸ் பெயர் சொன்ன இவ்விரண்டும் மால்ட் விஸ்கியின் ஊர்கள். காக்டெயில் உலகின் முதல் பாடநூலே, கலப்பதற்குத் தரம் குறைந்தது போதும் என்று சொல்லவில்லை; சிறந்ததைக் கொண்டுவா என்கிறது.

அதே நூலில் புளூ பிளேசர் என்ற பானமும் உண்டு. ஸ்காட்ச் விஸ்கியையும் கொதிநீரையும் சேர்த்துத் தீமூட்டி, எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறி ஊற்றுவது. நீலத் தீ நாடாவாக வழியும். நம் ஊர்த் தேநீர்க்கடை மாஸ்டர் தேநீரை ஆற்றுவதை நெருப்போடு நினைத்துப் பார்த்தால் காட்சி விளங்கும். தொடக்கத்தில் தண்ணீரை வைத்துப் பழகிக்கொள்ளும்படி தாமஸ் அறிவுரை சொல்லியிருக்கிறார்.

பிளெண்டட் விஸ்கியின் எழுச்சி

மால்ட்டைக் கலவைப் பானங்களிலிருந்து வெளியேற்றியது மரியாதை அன்று, பொருளாதாரம். அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்த ஏனியஸ் காஃபி 1830இல் காப்புரிமை பெற்ற தூண் வடிவ வாலை, இடைவிடாது ஓடக்கூடியது. மக்காச்சோளம், கோதுமை முதலிய தானியங்களிலிருந்து மலிவாக, மென்மையான சாராயத்தை அது தந்தது. மால்ட் விஸ்கியையும் இந்தத் தானிய விஸ்கியையும் வரி கட்டுவதற்கு முன்பே கிடங்கில் கலக்க 1860ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. எடின்பரோவின் ஆண்ட்ரூ அஷர் போன்றோர் இத்துறையில் முன்னோடிகள். அதே பத்தாண்டுகளில் பிலாக்சரா என்ற பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. பிராந்தி அரிதானது. லண்டன் கனவான்களின் மேசையில் பிராந்தி சோடா இருந்த இடத்திற்கு விஸ்கி சோடா வந்தது. அந்த விஸ்கி பிளெண்டட்.

இதை மால்ட் உற்பத்தியாளர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. தூண் வாலையில் வடித்ததை விஸ்கி என்று சொல்லி விற்பது மோசடி என லண்டனின் இஸ்லிங்டன் நகராட்சி 1905இல் வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டு கீழ் நீதிமன்றத் தீர்ப்பும் நகராட்சிக்குச் சாதகமாகவே வந்தது. விவகாரம் அரச ஆணையம்வரை போயிற்று. 1909இல் வெளியான அறிக்கை, தானியச் சாராயத்தையும் விஸ்கி என்று அழைக்கலாம் என்றது. மால்ட் தரப்புக்கு இது தோல்வி. பின்னாளில் மால்ட்டைப் பற்றிய எழுத்துகளில் காணப்படும் 'தூய்மை' என்னும் வீம்புக்கு இத்தோல்வியும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

இக்காலத்தில் பிறந்த புகழ்பெற்ற ஸ்காட்ச் காக்டெயில்கள் பெரும்பாலும் பிளெண்டட் விஸ்கியை மனத்தில் வைத்தவை. ராப் ராய் 1894இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் விடுதியில், அதே பெயருள்ள இசைநாடகத்தை ஒட்டி உருவானதாகக் கூறப்படுகிறது. ஸ்காட்ச், இனிப்பு வெர்மூத், பிட்டர்ஸ் ஆகியவை அதன் சேர்மானம். ருடால்ஃப் வாலண்டினோ நடித்த 1922ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் பெயர் தாங்கிய பிளட் அண்ட் சாண்ட், லண்டன் சவாய் விடுதியின் ஹாரி கிராடாக் 1930இல் தொகுத்த நூலில் உள்ளது. ஸ்காட்ச், செர்ரி பிராந்தி, இனிப்பு வெர்மூத், ஆரஞ்சுச் சாறு நான்கும் சம அளவு. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பெயரில் அமைந்த பாபி பர்ன்ஸும் அந்நூலில் உண்டு.

'தனியாகவே குடி' என்ற விதி

1930களில் சில எழுத்தாளர்கள் மறக்கப்பட்டிருந்த மால்ட்டுக்காகக் குரல் கொடுத்தனர். அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் நீல் கன். இன்வெர்னஸில் ஒரு வடிசாலையில் கலால் அதிகாரியாகப் பணிபுரிந்த நாவலாசிரியர் இவர். விஸ்கியும் ஸ்காட்லாந்தும் பற்றி 1935இல் ஒரு நூல் எழுதினார். அப்போது வடிக்கப்பட்ட மால்ட்டில் மிகப் பெரும்பகுதி பிளெண்டட் நிறுவனங்களின் தொட்டிகளுக்கே சென்றது. ஸ்காட்லாந்துக்கு வெளியே தனி மால்ட்டைச் சுவைத்தவர்கள் மிகச் சிலரே.

1963இல் கிளென்ஃபிடிக் வடிசாலையை நடத்தும் வில்லியம் கிராண்ட் நிறுவனம், தன் மால்ட்டைத் தனிப் பண்டமாக ஸ்காட்லாந்துக்கு வெளியே விற்கத் துணிந்தது. பிற நிறுவனங்கள் இதைப் பிழைக்காத வணிகம் என்று எண்ணின. அது பிழைத்தது. 1988இல் யுனைடெட் டிஸ்டில்லர்ஸ் நிறுவனம் லகவூலின், டாலிஸ்கர், ஓபன், கிராகன்மோர், டல்வின்னி, கிளென்கின்ச்சி என ஆறு மால்ட்டுகளை ஒரே வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றும் ஒரு நிலப்பகுதியின் சுவை என்று அறிமுகப்படுத்தியது.

விலை கூடிய ஒரு பண்டத்தை விற்க வேண்டுமாயின் அதைக் குடிக்கும் முறையும் வேறாக இருந்தாக வேண்டும். துலிப் மலர் வடிவக் கண்ணாடிக் கோப்பை, முகர்ந்து பார்த்தல், சில துளி நீர், பனிக்கட்டி கூடாது என்பன போன்ற நெறிகள் இவ்விற்பனையோடு சேர்ந்தே வளர்ந்தன. இவை பயனற்றவை அல்ல; ஒரு வடிசாலைக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் சுவைத்துப் பார்ப்பவரின் பயிற்சிமுறை, குடிப்பவர் அனைவருக்குமான விதியாகவும், பிறகு முன்னோர் மரபாகவும் உருமாறியதுதான் சிக்கல். தாத்தா காலத்து டாடிக் கரண்டிகள் அருங்காட்சியகத்தில் இருக்க, பேரன் அந்த மால்ட்டில் சர்க்கரை போடுவது பாவம் என்றான்.

பெனிசிலின்

இந்நிலையை மாற்றியதில் ஒரு பானத்திற்குப் பெரும் பங்குண்டு. சாஷா பெட்ராஸ்கே நியூயார்க்கில் தொடங்கிய மில்க் அண்ட் ஹனி என்ற சிறு மதுக்கூடத்தில், ஆஸ்திரேலியரான சாம் ராஸ் 2005இல் பெனிசிலின் என்ற காக்டெயிலை உருவாக்கினார். பிளெண்டட் ஸ்காட்ச் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு சுமார் 22 மி.லி., தேனும் இஞ்சியும் சேர்ந்த பாகு அதே அளவு. இவற்றைப் பனிக்கட்டியோடு குலுக்கி வடித்தபின், மேலே சுமார் 7 மி.லி. ஐலா சிங்கிள் மால்ட் மிதக்க விடப்படுகிறது. தேன், இஞ்சி, எலுமிச்சை மூன்றும் சளிக்கு வீட்டு மருந்து. பெயர் அங்கிருந்து வந்தது. பெனிசிலின் மருந்தைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கும் ஸ்காட்லாந்துக்காரர் என்பது நல்ல பொருத்தம்.

இதன் நுட்பம் அந்தக் கடைசி 7 மி.லி.யில் உள்ளது. மூக்கு கோப்பையை நெருங்கியதும் முதலில் எட்டுவது பீட் புகை. வாயில் படுவது புளிப்பும் இனிப்பும் இஞ்சிக் காரமும். பானம் முழுவதையும் ஐலா மால்ட்டில் செய்திருந்தால் புகை மற்றவற்றை விழுங்கியிருக்கும். தாளிப்பில் பெருங்காயம் வேலை செய்வது போல இங்கே மால்ட் வேலை செய்கிறது. இதே முறையில், கோப்பையின் உட்புறத்தை மட்டும் சில துளி மால்ட்டால் நனைத்துக் கொட்டிவிட்டுப் பானத்தை ஊற்றுவதும், ஜின் மார்ட்டினியில் வெர்மூத்துக்குப் பதிலாகப் புகை மால்ட் சிறிது சேர்ப்பதும் வழக்கில் உள்ளன. சர்வதேச மதுக்கூடப் பணியாளர் சங்கம் 2020இல் பெனிசிலினைத் தன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் சேர்த்தது.

பெனிசிலின் பிறந்த அதே 2005இல் வில்லியம் கிராண்ட் நிறுவனம் மங்கி ஷோல்டர் என்ற விஸ்கியை வெளியிட்டது. மால்ட்டைத் தனியாகக் குடிக்கக் கற்றுத்தந்த நிறுவனமே, கலப்பதற்கென்று ஒரு மால்ட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட வடிசாலைகளின் மால்ட் சேர்ந்ததால் இது சிங்கிள் மால்ட் அன்று, பிளெண்டட் மால்ட். ஈரப் பார்லியை மரத் துடுப்பால் நாள் முழுதும் புரட்டிப் புரட்டித் தொழிலாளருக்கு ஒரு பக்கத் தோள் தொங்கிப்போகும் நோயின் கொச்சைப் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது.

கலக்கும்போது நிகழ்வது

நீர் சேர்ப்பதால் விஸ்கியின் மணம் கெடுகிறதா என்பதற்கு ஓரளவு விடை உண்டு. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் இருவரும் 2017இல் கணினி உருவகிப்பு மூலம் குவையக்கோல் என்ற மூலக்கூற்றை ஆராய்ந்தனர். புகை மணத்துக்குக் காரணமானவற்றுள் ஒன்று இது. மதுச்சாரம் மிகுந்த கரைசலில் குவையக்கோல் எத்தனால் மூலக்கூறுகளால் சூழப்பட்டு உள்ளே அமிழ்ந்திருக்கிறது. நீர் சேர்ந்து மதுச்சாரம் 45 விழுக்காட்டுக்குக் குறையும்போது அது மேற்பரப்பை நோக்கி வருகிறது. புட்டியில் அடைக்கும் முன் நீர் சேர்ப்பது ஏன் மணத்தைக் கூட்டுகிறது என்பதற்கு இது விளக்கமாகிறது.

காக்டெயிலில் நீர் இன்னும் மிகுதி. பனிக்கட்டியோடு குலுக்கிய பானத்தில் ஏறத்தாழ கால் பங்கு உருகிய நீராகவே இருக்கும். குளிர்ச்சி நுண்மணங்களை அடக்கிவிடும் என்பதையும் மறுக்க முடியாது. ஆகவே 25 ஆண்டு முதிர்ந்த மால்ட்டின் நுட்பங்கள் எலுமிச்சைச் சாற்றில் தொலைந்துபோகும் என்று தூய்மையாளர் சொல்வதில் நியாயம் உண்டு. மதுக்கூடங்களிலும் இதை உணர்ந்தே 10, 12 ஆண்டு மால்ட்டுகளைக் கலவைக்குத் தேர்கின்றனர். ஆப்பிள், பேரிக்காய் மணமுள்ள ஸ்பேசைடு மால்ட் சோடாவுக்கு ஏற்றது. ஷெர்ரி பீப்பாயில் முதிர்ந்து உலர்திராட்சை மணம் ஏறியது இனிப்பு வெர்மூத்தோடு பொருந்தி, ராப் ராய்க்குக் கனம் தரும்.

ஆசியாவில்

ஜப்பானில் இந்த விவாதமே பெரிதாக எழவில்லை. 1918இல் ஸ்காட்லாந்து சென்று தொழில் கற்ற மசடாக்கா தக்கெத்சுருவைக் கொண்டு, ஷின்ஜிரோ தோரி 1923இல் யாமசாக்கி வடிசாலையைத் தொடங்கினார். 1929இல் வெளியான முதல் விஸ்கி ஸ்காட்லாந்து பாணியில் புகை மிகுந்திருந்ததால் விற்கவில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் நாட்டில், நிறைய நீர் கலந்த 'மிசுவாரி'யும் சோடா கலந்த ஹைபாலும் நிலைபெற்றன. 1973இல் காட்டுப் பகுதியில் அமைந்த ஹக்குஷு வடிசாலையின் சிங்கிள் மால்ட்டில் சோடா ஊற்றி, புதினா இலையை மேலே வைத்துத் தருவதை அதன் உரிமையாளரான சன்டோரி நிறுவனமே விளம்பரப்படுத்துகிறது.

இந்தியாவில் விஸ்கியோடு சோடா சேர்ந்தது ஆங்கிலேயர் காலத்தில். 1897இல் மலாக்கண்ட் எல்லைப் போரில் இளம் அதிகாரியாக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், வெதுவெதுப்பான வெறும் நீர், அதில் எலுமிச்சைச் சாறு, அதில் விஸ்கி என்ற மூன்றைத் தவிர குடிக்க வேறில்லாததால் தான் விஸ்கிக்குப் பழகியதாகப் பின்னர் எழுதினார். பெக் என்னும் அளவுச் சொல்லும் அந்தப் படைமுகாம், கிளப் வாழ்க்கையின் எச்சம். சிறிய பெக் 30 மி.லி., பெரியது 60 மி.லி. இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பு ஆலைக் கழிவுப்பாகின் சாராயம் சேர்ந்தது; ஐரோப்பியச் சட்டப்படி அது விஸ்கி ஆகாது. பெங்களூரின் அம்ருத் நிறுவனம் பார்லியில் மட்டும் வடித்த தன் சிங்கிள் மால்ட்டை 2004 ஆகஸ்டில் கிளாஸ்கோ நகரில் அறிமுகப்படுத்தியது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 2 விழுக்காடு ஆவியாக இழக்கப்படும். பெங்களூரின் வெப்பத்தில் அது 10 விழுக்காட்டுக்கு மேல். ஆகவே இங்கே நான்கைந்து ஆண்டுகளிலேயே முதிர்ச்சி வந்துவிடுகிறது.